திறப்பு விழா நாற்காலி

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், மண்டல நீதிமன்றக் கட்டடப் பிரிவின் முற்றத்தில் ஒருவர் நாற்காலிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார். சிவப்புத் தோல் தைத்து, முதுகில் அரசு முத்திரை செதுக்கிய, ஆள் உயர நீதிபதி நாற்காலி அது. கைப்பிடிகளில் கீறல் விழாமல் இருக்கப் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார். பக்கத்தில் லாரி நின்றது.

"எஃபோ, இது எந்த கோர்ட்டுக்குப் போகுது?" என்று கேட்டேன். மூத்தவர்களை, சொந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாங்கள் எஃபோ என்றுதான் அழைப்போம். எங்கள் எவே மொழியில் அண்ணன் என்று பொருள்.

"எல்லா கோர்ட்டுக்கும்" என்றார்.

"இல்ல, நான் இந்த நாற்காலியக் கேட்டேன்."

"நானும் இந்த நாற்காலியத்தான் சொல்றேன். நீ புதுசா? மொழிபெயர்க்க வந்த பொண்ணா?"

"ஆமா. பேரு செனாம்."

"நல்லாரு. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு நிறையக் கேள்வி கேப்பா. இப்ப வேற டிபார்ட்மெண்ட்ல இருக்கா."

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றால் எதிரில் இருப்பவர்கள் தாங்களாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள். அவரும் தொடங்கினார்.

"நாளைக்கு வெடோமேல திறப்பு விழா. அமைச்சர் வர்றார். நாற்காலி மேடை மேல, சாட்சிக் கூண்டு இடது பக்கம், பெஞ்சு வரிசையா, ஜன்னலுக்குத் திரைச்சீலை, தரைக்குக் கம்பளம். ஃபோட்டோ புடிப்பாங்க. மறுநாள் காலைல எல்லாத்தையும் ஏத்திட்டு வந்துருவேன்."

"அப்ப மறுநாள் நீதிபதி எதுல உக்காருவார்?"

"அதுக்குத் தனி டெண்டர் இருக்கு."

"அது எப்ப வரும்?"

"வரும் தங்கச்சி. அஞ்சு ஊருக்கு வந்துட்டே இருக்கு."

"மொத்தம் எத்தனை செட் எஃபோ?"

போர்வையின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாடு ஒண்ணு. சட்டம் ஒண்ணு. செட்டும் ஒண்ணு."

"இது தப்பில்லையா?"

"தப்பா? இதுக்குத்தான் எனக்குப் பரிசு குடுத்தாங்க" என்றார் பிராஸ்பர் அட்ஸிமா. பிறகு குழந்தையைத் தூக்குவதுபோல் நாற்காலியை இரண்டு கைகளாலும் அணைத்து லாரியில் ஏற்றினார்.

அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. எங்கள் மண்டலத்தின் வடகோடியில் இருக்கும் அட்சாவே என்ற ஊர்க்காரர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு லாரிகளில் உதவியாளாகத் தொங்கிக்கொண்டு போனவர், ஒருநாள் கட்டடப் பிரிவுக்குச் சிமெண்ட் இறக்க வந்து, மழை வந்ததால் கிடங்கில் ஒதுங்கி, அப்படியே கிடங்குக் காவலராகி, பிறகு 'அசையும் பொருள் மேற்பார்வையாளர்' ஆனார். அந்தப் பதவிக்கு உரிய பொருள்கள் அசைந்த அளவுக்கு எங்கள் நாட்டில் வேறெந்த அரசுப் பொருளும் அசைந்திருக்காது.

செட் பிறந்த கதையை அலுவலகத்தில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நீதிமன்றங்களுக்கு ஒரே வரைபடம்தான். முன்புறம் எட்டுத் தூண்கள். அவை எதையும் தாங்கவில்லை. கூரைக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி உண்டு. ஆனால் தூண் முடிவதற்குள் பாதிப் பணம் முடிந்துவிடும். உள்ளே நாற்காலி மேசைக்கு வரும்போது மிச்சம் இருப்பது வாழ்த்துகள்தான். தூண்களைக் குறைக்கலாமே என்று ஒரு இளம் பொறியாளர் கேட்டாராம். எங்கள் பிரிவின் இயக்குநர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்: "ரோட்டுல போறவன் எல்லாரும் வெளிய பாக்கறான். உள்ள வர்றவன் கேஸ் இருக்கறவன் மட்டும்தான். ஜனநாயகத்துல பெரும்பான்மைக்குத்தான் முதல்ல செலவு பண்ணணும்."

அப்படி ஒரு திறப்பு விழாவுக்கு முந்தின மாலை, உள்ளே ஒரு முக்காலிகூட இல்லை என்று தெரிந்து எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, பிராஸ்பர்தான் மண்டல உயர் நீதிமன்றத்தின் பழைய கூடத்துத் தளவாடங்களைக் கழற்றி லாரியில் கொண்டுபோய் நிறுத்தினார். விழா சிறப்பாக நடந்தது. அடுத்த ஊருக்கு, "பிராஸ்பர், போன தடவை மாதிரியே" என்றார் இயக்குநர். அதற்கு அடுத்த ஊருக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது ஆண்டில் அது 'சுழற்சி முறைத் தளவாடக் கொள்கை' என்ற பெயரில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, செலவுக் கட்டுப்பாட்டுக்கான முன்மாதிரி என்று பாராட்டுப் பெற்றது.

செட்டில் மூன்று ஏசிகள் இருந்தன. ஆணியில் தொங்க வேண்டும் என்பதற்காகப் பிராஸ்பரே அவற்றின் உள்ளே இருந்த இயந்திரத்தை எடுத்துவிட்டார், வெறும் கூடு. ஒரு விழாவில் துணை அமைச்சர் ஒருவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, "குளிர் ரொம்ப இருக்கு, கொஞ்சம் குறைங்க" என்றார். பிராஸ்பர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினார். "இப்ப சரியா இருக்கு" என்றார் துணை அமைச்சர். அது சகாராவிலிருந்து புழுதிக் காற்று வீசுகிற மாதம். வெளியே ஆடுகள் சுவரோரம் நிழலுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

விழா முடிந்த நீதிமன்றங்கள் எப்படி நடந்தன என்று கேட்கலாம். நடந்தன. எங்கள் ஊர்களில் சாவு வீட்டுக்குப் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கும் உண்டு. நீதிமன்றங்கள் அவர்களிடம் நாற்காலி எடுத்தன. சாவுச் சடங்குகள் வெள்ளி, சனியில் நடக்கும் என்பதால் வியாழன் மாலையே நாற்காலிகள் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை நீதி கிடையாது. ஊரில் பெரிய ஆள் யாராவது இறந்துவிட்டால் வாரம் முழுக்கக் கிடையாது. ஒரு ஊரில் குற்றம் சாட்டப்பட்டவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே கேட்டு ஆள் வந்து, அவர் எழுந்து கொடுத்துவிட்டு, சிறைக் காவலர்களோடு அதே சாவுக்குப் போய்வந்தார். இறந்தவர் அவருக்குச் சித்தப்பா முறை. இந்த வாடகைக்குச் செலவான பணத்தில் எல்லா ஊருக்கும் தேக்கு நாற்காலியே வாங்கியிருக்கலாம்தான். ஆனால் கணக்கில் வாடகை ஒரு தலைப்பு, கொள்முதல் வேறு தலைப்பு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் போவது, எங்கள் அலுவலகத்தில், அடுத்தவன் மனைவியோடு போவதைவிடக் கேவலம்.

பிராஸ்பருக்குக் கொடுத்த பரிசு ஒரு ஃபிரிட்ஜ். இரட்டைக் கதவு. சிறந்த ஊழியர் விழாவில் மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் மனைவி அக்பெனே அதற்குப் பூப்போட்ட உறை தைத்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீதிபதி ஓய்வறையில் ஏதோ குறைகிறது என்று இயக்குநர் சொல்ல, ஃபிரிட்ஜும் செட்டில் சேர்ந்துகொண்டது. விழா இல்லாத வாரங்களில் வீட்டுக்கு வரும்.

"என் புருஷன் சுத்தறது போதாதுன்னு என் ஃபிரிட்ஜும் டூர் போகுது" என்று அக்பெனே அலுவலக வாசலிலேயே வந்து சொன்னாள். "உள்ள வெச்ச மீன எடுக்கறதுக்குள்ள லாரி கெளம்பிருச்சு. வெடோமேக்கே நாறிருச்சாம். அமைச்சர் மூக்கப் புடிச்சுட்டு நாட்டப் பத்திப் பேசினாராம்."

"அந்த நாத்தம் மீனால இல்ல அக்பெனே" என்றார் பிராஸ்பர். "பேச்சால."

இப்படி ஊர் ஊராகப் போய் அலங்கரித்து, மறுநாள் காலையில் அவிழ்த்து ஏற்றிக்கொண்டு வந்த மனிதருக்குப் பதினொரு ஊரிலும் ஒரு உறுத்தலும் வந்ததாகத் தெரியவில்லை. லாரி கிளம்பும்போது பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள், அவர் கையசைப்பார். பன்னிரண்டாவது ஊர் அட்சாவே என்று ஆணை வந்த நாளில்தான் அவர் முதன்முறையாக மதியச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்தார். மக்காச்சோளக் களியின் மேல் வெண்டைக்காய்க் குழம்பு ஆறி ஏடு படிந்தது.

காரணம் அவரே சொன்னதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன், அட்சாவேயில் நீதிமன்றத்துக்கு நிலம் தேடியபோது, நிலத்துக்குப் பணம் கிடையாது, ஊரே இனாமாகக் கொடுத்தால் கட்டலாம் என்று அலுவலகம் சொன்னது. ஊரைப் பேசி மசியவைக்க ஊர்க்காரரையே அனுப்பினார்கள். பிராஸ்பர் போய்ப் பேசினார். ஊர்த் தலைவரை நாங்கள் டோக்பி என்போம். டோக்பி தன் குடும்பத்தின் ரோட்டோரத் தேக்குத் தோப்பை வெட்டி நிலம் கொடுத்தார். பெண்கள் ஆற்றிலிருந்து தலையில் மணல் சுமந்தார்கள். அப்போது டோக்பி கேட்டாராம், "பிராஸ்பர், வெறும் சுவரக் கட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று. பிராஸ்பர் தன் அம்மாவின் கல்லறையைக் காட்டிச் சொன்னாராம்: "உள்ள எல்லாத்தோடவும் நான் கொண்டாந்து நிறுத்தறேன். என் கையால."

"கொண்டாந்து நிறுத்தறது சரி" என்றார் என்னிடம். "என் கையாலயே எடுத்துட்டும் வரணுமே. அந்த ஊர்ல எனக்கு ஒரு குழி இருக்கு தங்கச்சி, எங்கம்மா பக்கத்துல. இதப் பண்ணிட்டா அதுல என்னப் போட ஊர் விடாது. என்ன இந்த டவுன்லதான் பொதைப்பாங்க, யாரோ எவரோ பக்கத்துல."

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. வாழ்வது எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவர் இயக்குநரிடம் போனார். கோப்பு மொழிபெயர்ப்புக்காக நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ஸார், அட்சாவேல மட்டும் செட்ட விட்டுட்டு வந்துரலாமா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"எங்க ஊர் ஸார்."

"பிராஸ்பர், நீ நீதித்துறையில வேலை பாக்கற. நீதின்னா என்ன? எல்லாரும் சமம். பதினோரு ஊர்ல ஒண்ணுமே இல்ல. உங்க ஊர்ல மட்டும் நாற்காலி இருந்தா அது அநீதி இல்லையா?"

"அப்ப எல்லா ஊருக்கும் வாங்கிக் குடுத்தா…"

"அது செலவு" என்றார் இயக்குநர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின வாரம் பிராஸ்பர் திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி அட்சாவே போய்வந்தார். எல்லா நீதிமன்றத்துக்கும் ஒரே ஜன்னல்தான். அளவு அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அங்கே யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

விழா அன்று பேண்ட் வாத்தியமும் பந்தலும் கொட்டும் வெயிலுமாக அட்சாவே நிறைந்திருந்தது. அமைச்சர் தென்பகுதிக்காரர்; எங்கள் எவே மொழி தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, நான் எவேயில் சொன்னேன். ரிப்பன் வெட்டி, தூண்களைப் பாராட்டி, உள்ளே வந்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில் மின்னிக்கொண்டிருந்தன. பெண்கள் கம்பளத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள். பிராஸ்பர் ரிமோட்டோடு ஓரமாக நின்றார். முகம் சாம்பலாக இருந்தது.

"இந்த நீதிமன்றத்தை அட்சாவே மக்களாகிய உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்றார் அமைச்சர். சொன்னேன். கைதட்டினார்கள்.

டோக்பி பொது இடத்தில் தன் வாயால் பேசுவதில்லை. அவருக்காகப் பேசுகிறவர், பொன்முலாம் பூசிய கோலோடு எழுந்தார். கையில் ஜின் பாட்டில்.

"டோக்பி சொல்றார்: பெரியவர் குடுத்தத நாங்க ரெண்டு கையால வாங்கிக்கறோம். ஆனா எங்க முன்னோருங்க கண்ணு தெரியாதவங்க. பேர் சொல்லிக் குடுத்தாத்தான் அவங்களுக்குக் குடுத்த மாதிரி. என்னென்ன குடுக்கறீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. சொல்லச் சொல்ல நாங்க அதுக்கு மதுவ ஊத்தறோம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இயக்குநர் சட்டென்று அமைச்சரின் காதருகே குனிந்தார். "ஸார், கட்டடம்னு மட்டும் சொன்னாப் போதும்."

"இதுல என்னய்யா கஞ்சத்தனம்?" என்றார் அமைச்சர். மூன்று கேமராக்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையை அகலமாக விரித்தார். "இந்த நாற்காலி!"

பேச்சாளர் நாற்காலியின் காலடியில் ஜின்னை ஊற்றினார். கூட்டம் ஒரே குரலில் ஆமோதித்தது. அமைச்சருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது.

"இந்தக் கூண்டு! இந்தப் பெஞ்சுகள்! இந்தக் கம்பளம்! அந்தத் திரைச்சீலை!"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜின் ஒவ்வொன்றாக விழுந்தது.

"ஸார்…" என்றார் இயக்குநர்.

"இந்த ஏசி! மூணும்!" பேச்சாளர் அவற்றின் கீழே சுவரில் ஊற்றினார். அமைச்சர் நீதிபதி ஓய்வறைக் கதவைத் தாமே தள்ளித் திறந்தார். "இதோ, குளிர்ச்சியான தண்ணி குடிக்க இந்த ஃபிரிட்ஜ்!"

பிராஸ்பர் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு அதே அடியைப் பின்னால் வைத்தார். ஜின் ஃபிரிட்ஜின் காலையும் நனைத்தது. ஓரமாக நின்ற அக்பெனே தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் விடிந்தபோது பெஞ்சுகள் நிறையப் பெரியவர்கள் உட்கார்ந்து சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வந்து நின்றது. சுமைக்காரர்கள் நான்கு பேரும் எங்கள் பக்கத்து ஆட்கள். வாசல்வரை வந்து, ஜின் வாடையை முகர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"தூக்குங்கடா" என்றார் இயக்குநர்.

"இது இப்ப முன்னோர் சொத்து, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு ஸார். நீங்க வேணா முதல்ல ஒரு கை வைங்க" என்றான் ஒருவன்.

இயக்குநர் இங்கிலாந்தில் முதுகலை படித்தவர். நாற்காலியைப் பார்த்தார். பெரியவர்களைப் பார்த்தார். அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததுபோல் வெளியே நடந்தார். லாரி காலியாகத் திரும்பியது. டோக்பி பிராஸ்பரைக் கூப்பிட்டுத் தன் கையால் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். ஊர்ப் பெண்கள் அவரைச் சுற்றிப் பாடினார்கள். அன்று மாலை அலுவலகத்துக்கு வந்த மனிதர் பத்து வயது குறைந்திருந்தார்.

"வீட்டுல?" என்று கேட்டேன்.

"வீட்டுல ஜின் ஊத்தாத பொருள் நான் ஒருத்தன்தான்" என்றார்.

இயக்குநரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். அமைச்சர் பேர் சொல்லிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. அதே அமைச்சருக்கு வால்டா ஏரிக் கரையில் இன்னொரு நீதிமன்றம் திறப்புக்குக் காத்திருந்தது. அதனால் ஒரு சுற்றறிக்கை வந்தது. பராமரிப்புச் செலவைச் சீரமைக்கும் பொருட்டு, திறந்த ஆறு மாதத்துக்குள் பத்து வழக்குகளாவது பதிவாகாத நீதிமன்றங்கள் பூட்டப்படும். அவற்றின் அசையும் பொருள்கள் தேவையுள்ள இடங்களுக்கு மாற்றப்படும். ஊர் பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. சுமைக்காரர்களாகத் தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு ஜெபக்கூட்டத்து இளைஞர்களை இயக்குநர் பேசிவைத்திருப்பதாகவும், அவர்கள் ஜின்னைக் கண்டால் அல்லேலூயா சொல்லி நாற்காலியைத் தூக்கிவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது.

மற்ற பதினொரு ஊர்களுக்குச் சுற்றறிக்கையால் சேதமில்லை. அங்கே மாற்ற எதுவும் இல்லை. அட்சாவேக்கோ ஒரு குறை இருந்தது. அந்த ஊரில் யாரும் வழக்குப் போடுவதில்லை. எந்தச் சண்டையும் டோக்பியின் முற்றத்தில் ஒரு பாட்டிலும் ஒரு கோழியுமாக முடிந்துவிடும். மண்டலத்திலேயே மிக அழகான நீதிமன்றத்தை வைத்துக்கொண்டு ஊர் அதைத் தினமும் துடைத்தது. உள்ளே போகத்தான் ஆளில்லை. பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் வியாழக்கிழமைகளில் வரத் தயாராக இருந்தார், வழக்கு இருந்தால்.

பிராஸ்பர் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வீடு வீடாகச் சண்டை தேடினார். ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரில் எங்கள் அத்தை வீட்டுச் சாவுக்காக நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். அவர் தன் சித்தி மகன் கோர்க்குவைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார்.

"உன் ஆடு அமாவியோட மரவள்ளியத் தின்னுச்சா இல்லயா?"

"தின்னுச்சு."

"அப்ப அவ உன்மேல கேஸ் போடணும்."

"எதுக்கு? நான்தான் ஒரு தொடை குடுத்துட்டேனே."

"அதத் திருப்பி வாங்கு."

"சூப் வெச்சுக் குடிச்சாச்சு. எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தா. நல்லாருந்துச்சு" என்றார் கோர்க்கு.

டோக்பியிடமே போய், வருகிற தகராறுகளை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார். டோக்பி முற்றத்தில் தனியாக இருக்கும்போது தன் வாயாலேயே நன்றாகப் பேசுவார். "ஏன்டா, அரசாங்க நாற்காலியக் காப்பாத்த நான் என் பதவிய விடணுமா? ஊர்ச் சண்டையெல்லாம் அங்க போயிட்டா எனக்கு யாரு கோழி கொண்டாருவா?"

உண்மையான கோபத்தோடு வழக்குப் போடத் தயாராக இருந்தவள் அக்பெனே ஒருத்திதான். ஃபிரிட்ஜுக்காகப் புருஷன்மேல் பிராது எழுதிக்கொண்டு வந்தாள். கணவன் மனைவி விவகாரம் முதலில் சமரச அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விதி. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரே மணி நேரத்தில் இருவரையும் சேர்த்துவைத்துக் கைகுலுக்க வைத்துவிட்டார். அந்த மாதத்தில் பிராஸ்பருக்கு நடந்த மிகப் பெரிய நஷ்டம் அதுதான்.

எப்படியோ கெஞ்சியும் கள் வாங்கிக் கொடுத்தும் வழக்குகள் சேர்ந்தன. ஒருவர் தன் பக்கத்து வீட்டுச் சேவல் சீக்கிரம் கூவுகிறது என்று போட்டார். இரண்டு சகோதரிகள் அம்மாவின் உலக்கைக்காகப் போட்டார்கள். வழக்குப் பதிவு செய்யப் போகும்போது ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். பாடகர் குழுவில் தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாக ஒரு பெண் தேவாலயத்தின்மேல் போட்டாள். சுற்றறிக்கையின் கெடு முடிகிற வாரம் ஒன்பது ஆகியிருந்தது. பத்தாவதாகப் பதிவான எல்லைக்கல் வழக்கு அன்று மாலையே டோக்பியின் முற்றத்தில் தீர்ந்து வாபஸ் ஆகி, கணக்கிலிருந்தும் கழிந்தது.

புதன்கிழமை மதியம் பிராஸ்பர் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அலுவலக முற்றத்தில் அக்ரா எண் போட்ட ஒரு லாரி ஏற்கெனவே நின்றிருந்தது. இளைஞர்கள் அதன் நிழலில் வேதாகமம் படித்துக்கொண்டிருந்தார்கள். பிராஸ்பர் அவர்களைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"தங்கச்சி, ஒம்பது இருக்கு. நாளைக்கு மாஜிஸ்திரேட் வர்றார். ஒண்ணு குறையுது."

"அட்சாவேல எனக்கு யாரையும் தெரியாதே எஃபோ."

"என்னத் தெரியுமே."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எங்க ஊர் ஆளுங்க காலைல கேஸ் போட்டா சாயந்திரம் ஒண்ணாச் சாப்புடறாங்க. நீ அப்படி இல்ல. வாயத் தொறக்க மாட்ட, ஆனா மனசுல வெச்சுக்குவ. உன்ன மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். என்மேல ஒரு கேஸ் போடு."

"எதுக்குன்னு போடறது?"

"அத நீயே பாத்து எழுதிக்க. நாலு வருஷமா என்கூட லாரில வந்திருக்க, ஒண்ணுகூடவா கிடைக்காது? ஆனா கொஞ்சம் பெருசா எழுது செனாம். சின்னதா இருந்தா டோக்பி உன்னக் கூப்புட்டு ஒரு கோழியக் குடுத்து முடிச்சு வெச்சுருவார்."